ஆடியில் ஒரு ரூம்

ஜூலை 26, சனி

ஆனி கடைசியில் பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்துவிட்டது. மதுரை எல்லீஸ் நகரில் ஹவுசிங் போர்டு காலத்துப் பழைய வீடு, முதல் மாடி. ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால் ஆவணி வரை வீடு சும்மாதான் கிடக்கும். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க 42,000 கேட்டார் பெயின்டர். நியாயமாகத்தான் கேட்டார். பத்திரச் செலவுக்குப் பிறகு எங்களிடம்தான் இல்லை. ஹாலும் அடுப்படியும் தை வரை அப்படியே இருக்கட்டும், படுக்கிற ரூமை மட்டும் நாமே அடித்துவிடுவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். இவர் யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலை" என்றார். இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ரூம் பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் ஒன்பதரை. நாலு சுவரும் சேர்த்து 418 சதுர அடி, கதவும் ஜன்னலும் போக 381. சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் கை முழுக்க நீல மாவு. டிஸ்டம்பர், தண்ணீரில் கலந்து அடிக்கும் பழைய மலிவு பெயின்ட். இதன் மேல் நேராக எமல்ஷன் (இப்போது வீடுகளுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) அடித்தால் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிடுமாம். முதலில் சுரண்ட வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஏழு மணியிலிருந்து சுரண்டல். தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தகட்டைச் சாய்த்துத் தள்ளினால் பட்டை பட்டையாக வருகிறது. நீலத்துக்கு அடியில் ரோஸ், ரோஸுக்கு அடியில் கிளிப்பச்சை, அதற்கும் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. கிளிப்பச்சை மட்டும் ஏனோ சுவரோடு பிறந்தது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆணி ஓட்டைகளை மகள் எண்ணினாள். ஒரே சுவரில் 31. சாமி படம், காலண்டர், டியூப் லைட், கொசுவலை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. சிலவற்றில் ஆணியைப் பிடுங்கினால் உள்ளே அடித்திருந்த மரக்கட்டையும் சேர்ந்து வந்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம்.

ஜன்னல் கம்பியில் இருக்கும் பழைய பச்சை எனாமலை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கம்பியின் பெயின்ட் அதற்கு எவ்வளவோ முந்தியது. அந்தத் தூள் குழந்தை இருக்கிற வீட்டில் பறக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்ததோடு விட்டோம்.

மாலை வரை இரண்டரைச் சுவர். ரெண்டு நாள் வேலை என்றவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஜூலை 30, புதன்

வேலை முடிந்து வந்து மிச்சத்தைச் சுரண்டினேன். பாத்ரூமை ஒட்டிய சுவரில், கீழே இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் பஞ்சு மாதிரி வருகிறது. ஈரத்துணியால் துடைக்கப் போனேன். எட்டிப் பார்த்த மேல் வீட்டு சார் தடுத்துவிட்டார். "தண்ணி பட்டா உப்பு கரைஞ்சு மறுபடி சுவருக்குள்ளயே போயிடும்மா. காஞ்ச பிரஷால தட்டி விடுங்க." காரணம் அந்தப் பக்கம் இருக்கிறது. டைல்ஸ் இடுக்கெல்லாம் திறந்து கிடக்கின்றன. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

பட்டி பார்க்கும் நாள், அதாவது மாவு பூசிச் சுவரைச் சமன் செய்யும் நாள். ஐந்து கிலோ பாக்கெட் பட்டியை மொத்தமாக ஒரு வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, இட்லி மாவு பதத்துக்குக் கலக்கினோம். ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஒரு சுவரில் பாதி இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். திரும்பி வந்தால் வாளிக்குள் நட்டு வைத்த தகடு அசையவில்லை. ஒயிட் சிமெண்ட் பட்டி அப்படித்தானாம், கலக்கினால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வாளியும் தகடும் இனி ஒரே பொருள். பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பாக்கெட்டைத் தட்டுத் தட்டாகக் கலக்கினோம். வேலையும் பிடிபட்டது. தகட்டை நிமிர்த்திப் பிடித்தால் பட்டி வழிகிறது, ரொம்பப் படுக்க வைத்தால் தடிப்பாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டு சொல்கிற ஒரு சாய்வு இருக்கிறது. அது வரும்போது தகடு சுவரில் 'ஸ்ஸ்' என்று ஒரே சத்தமாகப் போகிறது. எனக்கு வந்துவிட்டது. இவருக்கு இன்னும் 'டக் டக்'தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அத்தை எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக்கொண்டு வந்து, நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். உப்புத்தாள் வேலை. முதலில் சொரசொரப்பான 180 நம்பர், அப்புறம் நைஸான 320. பகலில் பார்த்தால் சுவர் வழவழவென்றுதான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால்தான் வண்டவாளம் தெரிகிறது. ஒவ்வொரு தகட்டு விளிம்பும் வரப்பு மாதிரி நிழல் விழுந்து நிற்கும். அந்த வரப்புகளை மட்டும் தேடித் தேடித் தேய்த்தோம்.

வியர்வை தாங்காமல் இவர் ஃபேனைப் போட்டார். மூன்று மணி நேரத் தூள் முழுக்க ஃபேன் இறக்கையில் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. தேங்காய் சாதத்தில் பாதி போயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெயின்ட் கடை. அட்டையில் கலருக்கெல்லாம் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள். கடைக்காரர் அவற்றைச் சட்டை செய்வதே இல்லை. "இது சந்தனம், இது லைட் சந்தனம், இது அதுக்கும் லைட்." மகள் வாடாமல்லிதான் வேண்டும் என்றாள். நான் ஹாஃப் ஒயிட். கடைசியில் இளம்பச்சையில் சமாதானம். அட்டையில் தீப்பெட்டி அளவில் பார்ப்பதைவிட நாலு சுவரிலும் கலர் அடர்த்தியாகத்தான் தெரியும், ஒரு படி வெளிறியதையே எடுங்கள் என்றார். நம்பர் தட்டியதும் மெஷின் வெள்ளை டின்னுக்குள் நாலைந்து சொட்டுச் சாயம் விட்டது. அப்புறம் இன்னொரு மெஷின் டின்னைப் பிடித்துக் குலுக்கியது.

எமல்ஷன் நாலு லிட்டர், அதற்கு அடியில் பூசும் பிரைமர் நாலு லிட்டர், ரோலர், பிரஷ், டேப். பில் 3,140. "துடைச்சா போயிடுமா?" என்று கேட்டேன். "கிரேயான், டீ, கைரேகை எல்லாம் போயிடும்க்கா. மஞ்சக்கறை மட்டும் போகாது."

ஆகஸ்ட் 9, சனி

பிரைமர். எல்லாம் வெள்ளை. தரையில் நியூஸ்பேப்பர் விரித்தது தப்பு. ஈரக் காலோடு ஒட்டிக்கொண்டு, தலைப்புச் செய்தி மொசைக்கில் பதிந்துவிட்டது. அத்தையின் பழைய நூல் சேலை இரண்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டின்னைத் திறந்தால் உள்ளே ஒரு டோக்கன். மகள் பரிசு விழுந்துவிட்டது என்று குதித்தாள். பெயின்டர்களுக்காகக் கம்பெனி போடுவதாம். மதியம் டேப் தீர்ந்து கடைக்குப் போனபோது நீட்டினேன். "பெயின்டர் பேர் என்னக்கா?" என்றான் பையன். என் பெயரைச் சொன்னேன். ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். முழங்கை வரை இளம்பச்சை. மறுபேச்சு இல்லாமல் காசைக் கொடுத்துவிட்டான். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் சம்பளம் வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஓரமெல்லாம் பிரஷில் நான், நடுவில் ரோலரில் இவர். நான் அடித்த ஓரம் காய்வதற்குள் இவர் ரோலர் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் சட்டம் போட்டது மாதிரி ஒரு கோடு விழுகிறது. மதுரை வெயிலில் அந்த அவகாசம் சில நிமிடம்தான். கிழக்குச் சுவரில் விழுந்துவிட்டது. யார் தாமதம் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஈரத்தில் வெளுப்பாக இருந்தது, காயக் காய ஒரு படி கறுத்தது. கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் சுவர் பளிச்சென்று ஆனதும் இன்னொன்று தெரிந்தது, மேல்தளம் எவ்வளவு அழுக்கு என்று. போன வாரம் வரை அது வெள்ளையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. இரண்டாவது கோட்டு. கிழக்குச் சுவரின் கோடு முக்கால்வாசி மறைந்தது.

பாத்ரூம் சுவரின் கீழ் இரண்டடியைத் தொடாமல் விட்டிருந்தோம். கொத்தனார் டைல்ஸ் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டார், ஆனாலும் உள்ளே ஊறிய ஈரம் காய மாதக்கணக்கில் ஆகும். இப்போது எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் போடும். அத்தை பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு அடி, அது மூச்சு விடும்" என்றார். ஊரில் பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்குமாம். கொஞ்சம் நீலமும், கையில் ஒட்டாமல் இருக்கக் கஞ்சியும் சேர்ப்பார்களாம். நாங்கள் கடையில் விற்கிற சுண்ணாம்புத் தூளைக் கரைத்தோம். பிரஷை வாங்கி அத்தையே குந்தி உட்கார்ந்து அடித்தார். டேப் இல்லை, அளவு இல்லை. பச்சையும் வெள்ளையும் சேரும் இடத்தில் நூல் பிடித்தது மாதிரி நேர்கோடு. நான் டேப் ஒட்டி அடித்த மூலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அத்தை காலண்டர் பார்த்துக் குறித்த நாள். காலை ஆறு மணிக்கு முன்னால் பால் பொங்கியது. விளக்கேற்றி, ஒரு வாய் பால் குடித்து எல்லாம் நல்லபடியாக நடந்தது. அப்புறம் அத்தை கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு ரூமாகப் பொட்டு வைக்கக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். ஹால், அடுப்படி, சரி. உள் ரூமுக்குள் நுழைந்து, நேராகக் கிழக்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கோட்டை மறைக்க நான் ஒன்றரை மணி நேரம் செலவழித்த இடம்.

"அத்தை, கீழே சுண்ணாம்பு அடிச்ச இடத்துல வைக்கலாமே?"

"சுண்ணாம்புல மஞ்சள் பட்டா சிவந்து போகும், தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே மூன்று விரலையும் அழுத்தி வைத்தார்.