ஒபாசாஞ்சோவைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

முதுகலை அரசியல் அறிவியலைத் தொலைநிலைக் கல்வியில் படித்தபோது, ஒப்பீட்டு அரசியல் தாளில் இராணுவமும் ஆட்சியும் பற்றிய அலகு என்னை மிகவும் திணறடித்தது. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த இராணுவக் கவிழ்ப்புகளை ஆண்டுவாரியாக எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் கானாவும் நைஜீரியாவும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிட்டன. அதன் பிறகு ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கை வழியாகவே அந்த அலகு முழுவதையும் படிப்பது என்று முடிவு செய்தேன். அப்படி நான் தேர்ந்தெடுத்தவர், நைஜீரியாவை 1976 முதல் 1979 வரை இராணுவத் தலைவராகவும், 1999 முதல் 2007 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவராகவும் ஆண்ட ஒலுசெகுன் ஒபாசாஞ்சோ.

முதலில் எழுதிய ஒப்படைப்புக் கட்டுரையில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1937இல் பிறந்தார், 1958இல் படையில் சேர்ந்தார், நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரிட்ட, இக்போ இனத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த பியாஃப்ரா பகுதியின் படை 1970இல் சரணடைந்தபோது அதை ஏற்றார் என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். தகவல்கள் எல்லாம் சரியே. ஆனால் திருத்திய ஆசிரியர் இரண்டு வாக்கியங்களின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஏன்?’ என்று எழுதியிருந்தார். ஒன்று, 1976இல் அவர் நாட்டுத் தலைவரானார் என்பது; மற்றொன்று, 1979இல் ஆட்சியை ஒப்படைத்தார் என்பது. அந்த இரண்டு சிறு சொற்களுக்கு விடை தேடியதுதான் நான் உண்மையில் படித்த படிப்பு.

1976 பிப்ரவரி 13 அன்று, தோல்வியில் முடிந்த ஒரு கவிழ்ப்பு முயற்சியில், நாட்டுத் தலைவர் முர்தலா முகமது லாகோஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் வடக்கைச் சேர்ந்தவர். அடுத்த நிலையில் இருந்த ஒபாசாஞ்சோவோ தென்மேற்கின் யொரூபா இனத்தவர். வடபகுதியினரின் நம்பிக்கை இல்லாமல் அந்த நாற்காலியில் ஒரு நாளும் நிம்மதியாக உட்கார முடியாது என்பதால், வடக்கைச் சேர்ந்த இளம் அதிகாரியான ஷெஹு மூசா யாரடுவா இரண்டாம் இடத்துக்கு உயர்த்தப்பட்டார். மக்களாட்சிக்குத் திரும்புவதற்கு முர்தலா வகுத்துவைத்த கால அட்டவணையும் மாற்றப்படவில்லை. 1979 அக்டோபர் 1 அன்று, அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற ஷெஹு ஷகாரியிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. நைஜீரியாவில் இராணுவ ஆட்சியாளர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் அதிகாரத்தைக் கொடுத்தது அதுவே முதல் முறை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனெனில் தேர்வாளர்கள் விரும்பும் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. வெற்றி பெறுபவர் அதிக வாக்குகள் பெறுவதோடு, மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கில் தலா கால் பங்கு வாக்காவது பெற வேண்டும் என்பது அன்றைய விதி. அப்போது இருந்தவை 19 மாநிலங்கள்; மூன்றில் இரண்டு பங்கு என்றால் பன்னிரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஷகாரிக்கு 12 மாநிலங்களில் அந்த அளவு கிடைத்தது, பதின்மூன்றாவதில் கிடைக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு என்பது 12 மாநிலங்களா 13 மாநிலங்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு ஷகாரிக்குச் சாதகமாக வந்தது. ஒரே இனத்தின் வாக்கைக் கொண்டு நாட்டை ஆள முடியாதபடி அமைத்த விதி இது என்று விளக்கினால், பியாஃப்ரா போரையும் 1979 தேர்தலையும் ஒரே பத்தியில் இணைத்துவிடலாம்.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகப் படித்தாலே போதும். நைஜீரியாவின் ஓட்டா என்ற ஊரில் பண்ணை நடத்தினார். 1986இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற காமன்வெல்த் குழுவின் இணைத் தலைவராக இருந்தார். 1995இல் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சாவின் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. 1998இல் அபாச்சா இறந்த பின் விடுதலையானார்.

1999 தேர்தலைப் படிக்கும்போது, அதை 1993 ஜூன் 12 தேர்தலோடு சேர்த்தே படிக்க வேண்டும். அன்று வென்றவராகக் கருதப்பட்ட யொரூபா வணிகர் அபியோலாவின் வெற்றியை இராணுவம் செல்லாததாக்கியது. அவர் 1998இல் காவலிலேயே இறந்தார். யொரூபாவினருக்கு நேர்ந்த அந்த அநீதியை ஈடுசெய்யும் நோக்கிலேயே 1999இல் முக்கிய வேட்பாளர் இருவருமே யொரூபாவினராக இருந்தனர். ஒபாசாஞ்சோ நாடளவில் ஏறத்தாழ 63 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஆனால் தம் சொந்தத் தென்மேற்கு மாநிலங்களில் தோற்றார். வடக்கும் இராணுவமும் நம்பிய அந்த மனிதரை அவருடைய மக்கள் நம்பவில்லை. இந்தத் தகவலைக் கண்டறிந்த அன்றுதான் இவரைப் புரிந்துகொண்டதாக உணர்ந்தேன்.

எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுவது கடினம், ஆனாலும் தேவை. 2005இல், கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப் நாடுகளோடு ஏற்பட்ட உடன்பாட்டால் சுமார் 1,800 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது பெரிய சாதனை. 1999 நவம்பரில், காவலர்கள் கொல்லப்பட்டதையடுத்து ஒடி என்ற ஊருக்குள் படையினர் புகுந்து அதை அழித்ததும் அவருடைய ஆட்சியில்தான். இதை விட்டுவிட்டு எழுதும் விடை நேர்மையானதாகாது. மூன்றாம் முறை பதவி வகிக்க வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2006 மே 16 அன்று செனட் நிராகரித்தது. அப்படியொரு பதவிக்காலத்தைத் தாம் கேட்கவே இல்லை என்று அவர் கூறிவந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1979இல் தாமாக விலகியதையும் 2007இல் விலக நேர்ந்ததையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதிவைத்துத்தான் நான் திருப்புதல் செய்தேன்.

நினைவில் நிற்க எனக்கு உதவிய செய்தி ஒன்றும் உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர் அவர். இந்தியாவில் பயிற்சி முடித்து 1966 ஜனவரியில் நாடு திரும்பிய அதே நாட்களில்தான் நைஜீரியாவின் முதல் கவிழ்ப்பு நடந்தது. வெலிங்டனை நினைத்தால் 1966 தானாக வந்துவிடும்.

பெயர்களில் மட்டும் கவனமாக இருங்கள். 2007இல் அவருக்குப் பின் பதவியேற்றவர் உமாரு யாரடுவா. 1976இல் இரண்டாம் இடத்துக்கு வந்து, 1997இல் அபாச்சாவின் சிறையில் இறந்த ஷெஹு யாரடுவாவின் தம்பி. மாதிரித் தேர்வில் இருவரையும் ஒருவராக எழுதி மதிப்பெண் இழந்தேன். இறுதித் தேர்வில் யாரடுவா என்று வந்த ஒவ்வோர் இடத்திலும் முழுப் பெயரையும், அண்ணனா தம்பியா என்பதையும் எழுதினேன்.