கேரட்டால் போன மூன்று மார்க்

நேற்று ரிசல்ட். அரியர் இல்லை! மெஸ்ஸில் இரண்டு டீ வாங்கி இரண்டையும் நானே குடித்தேன். அனிமேஷன் வரலாறு பேப்பர் பற்றி ஜூனியர்கள் நச்சரிப்பதால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு, எப்போதும் கேரட் கடிக்கும் கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க். "அவருக்குக் கேரட் ஒவ்வாமை" என்று எங்கோ படித்ததை அப்படியே அடித்துவிட்டேன். இன்டர்னலில் மூன்று மார்க் காலி. அது வெறும் கட்டுக்கதை. நிஜக் கேரட்டைக் கடித்தால்தான் அந்த மொறுக் சத்தம் வரும்; மென்று விழுங்கும்வரை அடுத்த வசனம் காத்திருக்காது. அதனால் துப்பிவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

அதிலிருந்து ருசியான கதை எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். 1961 ஜனவரியில் கார் விபத்து, இரண்டு வாரம் கோமா, "பக்ஸ் பன்னி, எப்படி இருக்கிறாய்?" என்று டாக்டர் கேட்டதும் அந்த முயலின் குரலில் பதில் வந்தது என்பார்கள். சினிமாக் கதை என்று ஒதுக்கிவைத்தேன். வைவாவுக்கு முந்தின இரவு மனசு கேட்காமல் தேடினால், அந்த டாக்டரே, பிளாங்கின் மகன் நோயலும் கூட, அதைச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே அதுதான்! உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்தபடியே 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பார்னிக்குப் பேசியதையும் சேர்த்துச் சொன்னேன்.

மற்றவை:

- பிறப்பு 1908, சான்பிரான்சிஸ்கோ. மறைவு 1989. இதற்கு மேல் தேதி மனப்பாடம் வேண்டாம்.
- திக்கிப் பேசும் கார்ட்டூன் பன்றி போர்க்கி பிக், பிளாங்க் கைக்கு வந்தது 1937. அதற்கு முன்பு பேசிய ஜோ டோஹர்ட்டிக்கு நிஜமாகவே திக்குவாய். ரெக்கார்டிங் இழுத்துக்கொண்டே போனது. பிளாங்க் வேண்டிய இடத்தில் மட்டும் திக்கினார். ஐந்து மார்க் கேள்வி இது.
- டாஃபி வாத்தும் சில்வெஸ்டர் பூனையும் கிட்டத்தட்ட ஒரே குரல். டாஃபிக்கு வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், படித்தால் ஏறாது.
- சம்பள உயர்வு கிடைக்காமல்தான் திரையில் பெயர் கேட்டு வாங்கினார். 1940களில் குரல் கொடுப்பவருக்கு அது பெரிய விஷயம்.

கதாபாத்திரப் பட்டியலை உருப்போடாதீர்கள். சத்தம் எப்படி வந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் மொட்டைமாடியில் இரவு இரண்டு மணிக்குப் பழகினேன். வார்டன் இரண்டு தடவை மேலே வந்துவிட்டார். பகலில் படிக்கிறவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

நோட்ஸ் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். என் கையெழுத்து எனக்கே புரியாது.