பிறப்புச் சான்றிதழ்: புது அப்பாக்கள் அலையாமல் இருக்க

மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒருவழியாகப் பெயரோடு கைக்கு வந்துவிட்டது. அப்பா ஆனவனுக்கு நிதானம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த அலைச்சல்தான். அடுத்து போகிறவர்களாவது அலையக் கூடாது.

பதிவு தானாக நடந்துவிடும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் 21 நாளுக்குள் அவர்களே பதிவாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். சிக்கல் அதற்காக அவர்கள் நிரப்பும் படிவத்தில்தான். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். நம் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். உங்கள் பெயர், மனைவி பெயர் இரண்டின் ஆங்கில எழுத்துகளையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். 'ழ' வரும் பெயர்களில்தான் தப்பு அதிகம். தமிழக அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த 12 இலக்க பிக்மி (PICME) எண்ணையும் சரிபாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டால், பிறகு திருத்தத்துக்கு ஆதாரங்கள், உறுதிமொழி என்று நாள்கணக்கில் அலைய வேண்டும்.

அடுத்த வீண் அலைச்சல், ஊர் மாறிப் போவது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்கும். அப்பாவுக்கு வேலை வேறு ஊரில். குழந்தை பிறந்த இடத்தின் பதிவாளரிடம்தான் எல்லாம் நடக்கும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை. மதுரையில் பிறந்த குழந்தைக்குச் சென்னை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் நின்று பயனில்லை.

நான் போன கவுண்டரில் "அடுத்த வாரம் வாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். என்ன குறை என்று சொல்லவே இல்லை. கோபம் வரும், வரத்தான் செய்யும். குரலை உயர்த்தினால் கோப்பு இன்னும் அடியில் போகும். "எந்தப் பேப்பர் குறையுதுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்று நகராமல் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை விடாமல் அழும்போது வேண்டியதும் இதே பொறுமைதான். இங்கே பழகினால் வீட்டுக்கும் உதவும்.

பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பெயரில்லாமலே சான்றிதழ் வாங்கலாம். ஓராண்டுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. நியூமராலஜிக்காக ஓர் எழுத்து கூட்டுவது, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது, தாத்தா பெயரா குலதெய்வப் பெயரா என்பது எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் சமாளிப்பது அப்பாவின் வேலை. பிரசவித்த உடம்போடு இருப்பவள் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதி ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். ஆகவே ஓர் எழுத்துப் பிழையையும் 'பரவாயில்லை' என்று விடாதீர்கள்.

சான்றிதழ் வந்ததும் குழந்தைக்கு ஆதார் போட்டுவிடலாம். ஐந்து வயதுக்குள் குழந்தையின் கைரேகை எடுக்க மாட்டார்கள். பெற்றோரில் ஒருவர் கைரேகை வைத்தால் போதும். போட்டோவுக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களே போய்வாருங்கள், மனைவி வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.