ரூபி: கண்ணி போட்ட பிரெஞ்சு நீர்மூழ்கி

நீர்மூழ்கி என்றாலே டார்பிடோதான் ஞாபகம் வரும். ஆனால் இரண்டாம் உலகப்போரில் 'ரூபி' என்ற பிரெஞ்சு நீர்மூழ்கியால் மூழ்கிய 20-க்கும் மேற்பட்ட கப்பல்களில் டார்பிடோ பட்டுப் போனது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கடற்கண்ணி, அதாவது கப்பல் மோதினால் வெடிக்கும் குண்டின் வேலை. தடம் பார்த்து வலை போட்டுவிட்டுக் கரைக்கு வரும் குளச்சல், முட்டம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரூபியின் முக்கியத் தடம் நார்வே கரை. தீவுகளுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான வழியை ஜெர்மன் சரக்குக் கப்பல்கள் விட்டு விலகமாட்டா.

66 மீட்டர் நீளக் கலம். ஆட்கள் இருக்கும் உள்கூட்டுக்கு வெளியே, பக்கவாட்டு நீர்த்தொட்டிகளுக்குள் செங்குத்தாக 16 குழாய்கள். குழாய்க்கு 2 கண்ணி வீதம் 32. நங்கூரக் கட்டையோடு ஒரு கண்ணி ஏறத்தாழ ஒரு டன். குழாய் வெளியே இருப்பதால் கடலில் போய்க் கண்ணியைத் தொட்டுச் சரிபார்க்க வழியில்லை. எல்லாம் துறைமுகத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் விழும்போது கலம் லேசாகும். அந்த எடைக்கு ஈடாக உடனே தண்ணீர் ஏற்றாவிட்டால் மேலே கிளம்பி, காவல் படகின் கண்ணில் பட்டுவிடும். விழுந்தபின் கட்டை தரையில் உட்காரும், கண்ணி கம்பியில் மேலே மிதக்கும். நீவாடு (கடல் நீரோட்டம்) பலமாக இழுத்தால் கம்பி சாய்ந்து கண்ணி ஆழத்துக்குப் போகும், கப்பல் மேலே தப்பிவிடும். இடம் பார்த்துப் போடுவதில்தான் கப்பித்தானின் திறமை.

1940 ஜூனில் பிரான்ஸ் பணிந்தபோது ரூபி ஸ்காட்லாந்தின் டண்டீ துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கப்பித்தான் கபானியேயும் மாலுமிகளில் பெரும்பாலோரும் பணிய மறுத்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி டி கால் பக்கம் நின்றார்கள். அந்தத் துணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பிரெஞ்சுக் கண்ணி வரத்து நின்றதும், பிரிட்டிஷ் கண்ணிகளைக் குழாய்க்குப் பொருந்தும்படி மாற்றினார்கள்.

1941 ஆகஸ்டில், ரூசலோ கப்பித்தானாக இருந்தபோது, பின்லாந்துக் கப்பல் ஹோக்லாந்தை டார்பிடோவால் அடித்தார்கள். அடித்த தூரம் ரொம்பக் கிட்ட. வெடித்த அதிர்ச்சியில் ரூபியின் பேட்டரிகளே உடைந்தன. பேட்டரி இல்லாமல் நீருக்கடியில் மோட்டார் ஓடாது. எதிரி விமானம் சுற்றும் வடகடலில், மேல்மட்டத்திலேயே, பிரிட்டிஷ் காவலோடு திரும்பினார்கள். அந்த அக்டோபரில் கலத்துக்கே பிரான்ஸின் விடுதலை விருது கிடைத்தது.

அதே வகையைச் சேர்ந்த 'பெர்ல்' 1944 ஜூலையில் அட்லாண்டிக்கில் நேசநாட்டு விமானங்களிடமே அடிபட்டது. ஜெர்மன் நீர்மூழ்கி என்று நினைத்துவிட்டார்கள், பிழைத்தவர் ஒருவரே. ரூபிக்கு அந்த விதி வரவில்லை. 1958-ல் சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) பயிற்சிக் குறியாக அதைப் பிரெஞ்சுக்காரர்களே பிரான்ஸின் தென்கரையில் சாந்த்ரோப்பே அருகே மூழ்கடித்தார்கள். ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர், நம் கணக்கில் 22 பாகம். காற்றுக்குப்பி கட்டி இறங்கப் பழகியவர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள்.