அணையைத் தள்ளுவது ஏரியின் நீளமா, ஆழமா?

கொலராடோ ஆற்றின் குறுக்கே, நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் நிற்கும் ஹூவர் அணையின் உச்சியில் நடந்தபோது, நான் மனத்துக்குள் ஒரு தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருபுறம், நிரம்பினால் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளும் மீட் ஏரி. மறுபுறம் தலைசுற்ற வைக்கும் பள்ளத்தாக்கு. அத்தனை நீரும் சேர்ந்தல்லவா இந்தச் சுவரை நெட்டித் தள்ளுகிறது என்று எண்ணியதும் கால் கூசியது.

கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்றபோதுதான் பள்ளிக்கூடச் சூத்திரம் நினைவுக்கு வந்தது. நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே நீரழுத்தம்; அதில் ஏரியின் நீளத்துக்கு இடமே இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் எடையளவு அழுத்தம், 100 மீட்டரில் 100 டன். அணைக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு சுவரை எழுப்பி, அந்த இடுக்கில் மட்டும் இதே மட்டத்துக்கு நீரை நிறுத்தினாலும், அசையாத அந்த நீரை எதிர்த்து அணை தாங்கவேண்டிய விசை இம்மியும் குறையாது. நம்பத்தான் மனம் வரவில்லை. இந்த முரணைப் பிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-இலேயே விளக்கிவிட்டார் என்பது என் தாமதத்துக்குச் சற்று வெட்கமளித்தது.

அதன்பின் அணையின் வடிவமே வேறாகத் தெரிந்தது. 221 மீட்டர் உயரமுள்ள இந்தக் கான்கிரீட் சுவரின் தடிமன் உச்சியில் சுமார் 14 மீட்டர்; அடியிலோ 201 மீட்டர். ஆழத்தோடு அழுத்தம் கூடுவதால், ஒரே அகலமுள்ள சுவரில் நீர்மட்டம் இருமடங்கானால் மொத்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகிவிடும். தள்ளும் விசையும் தன் எடையும் அடியில்தான் வந்து சேர்கின்றன என்பதால் பருமன் முழுவதும் அங்கே குவிந்திருக்கிறது. ஏரிநீரை உள்வாங்கும் கோபுரங்களில் இரு மாநிலங்களின் நேரத்தையும் காட்டும் கடிகாரங்களைப் பலர் படமெடுத்துக்கொண்டிருந்தனர்; எனக்கு அவற்றில் மனம் செல்லவில்லை.

எதிர்க்கரைப் பாறையில் வெண்பட்டை ஒன்று ஓடுகிறது. நீர் வற்றியபோது படிந்துபோன தாது உப்பு அது. 2022 கோடையில் நீர்மட்டம் முழு அளவிலிருந்து 50 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அணைக்கு அந்த அளவு பளு குறைந்தது. ஆனால் அதே உயரக் குறைவால் டர்பைனை அடையும் ஒவ்வொரு கன மீட்டர் நீரும் தரும் மின்சாரமும் குறைந்துபோயிற்று.