எந்தப் புத்தகம் வீட்டுக்குள் வரலாம்?

அட்டையில் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தால் முன்பெல்லாம் யோசிக்காமல் வாங்கிவிடுவேன். அப்படி வாங்கியவற்றில் பாதிக்கு மேற்பட்ட புத்தகங்களை யாரும் தொடவில்லை. இப்போது வாங்குவதற்கு முன் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன், நாக்கு தடுக்கினால் அது இரவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க உதவாது, எவ்வளவு நல்ல கருத்தாக இருந்தாலும் சரி.

பக்தி நூல்களில் எனக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. எழுதியவர் தானும் தடுமாறியதை ஒத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். 1678-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’ என்ற கிறிஸ்தவக் கதையை எழுதிய ஜான் பன்யன் பாத்திரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர், அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகச் சுமார் 12 வருடம் சிறையில் இருந்தவர். அவருடைய பயணி கதையின் ஆரம்பத்திலேயே சேற்றில் விழுகிறான், அந்த இடத்தில்தான் என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்! எப்போதும் சரியாகவே நடக்கும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளுக்கு அவன் கொட்டாவிதான் விடுவான் (நானும்தான்).

குடும்பம் நடத்துவது பற்றிய புத்தகங்களா? ஒன்றிரண்டு போதும். ‘மனைவி இப்படி இருக்க வேண்டும்’ என்று நாற்பது பக்கமும் கணவனுக்கு நாலு வரியும் எழுதியிருந்தால் அப்படியே மூடி வைத்துவிடுவேன்.

அப்புறம், பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் நிறுத்த எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டும்.