மொட்டையடித்த வேம்பு: சில குறிப்புகள்

2023 அக்டோபர் 8, ஞாயிறு
மழைக்காலத்துக்கு முன் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளைக் கழிக்க வந்தவர்கள் எங்கள் தெரு வேம்பை மொட்டையடித்துவிட்டார்கள். கம்பி ஒரு பக்கம். வெட்டு நாலு பக்கமும். தொடைப் பருமன் கொம்புகள்கூட மிஞ்சவில்லை. முதலில் அடியில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு மேலிருந்து அறுத்திருந்தால், கிளை பட்டையைக் கிழித்துக்கொண்டு விழுந்திருக்காது. மேற்குப் பக்கம் முழ நீளத்துக்கு உரிந்து தொங்குகிறது.

அக்டோபர் 10
எதிர்வீட்டுப் பெரியவர் தார் டப்பாவோடு வந்தார். "பூசிவிடுவோம் தம்பி, உளுத்துப்போகாது." வேண்டாம் ஐயா என்றேன். ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்த அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டியிருக்கிறார். வெட்டுப்பட்ட மரம் நம் தோலைப்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி அடைப்புக் கட்டிவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்த்துக்கொள்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் புடைப்பை ஒட்டி வெளியே அறுத்திருந்தால் சீக்கிரம் மூடியிருக்கும். இங்கே எல்லாம் நடுக்கொம்பில் வெட்டிய முண்டுகள். பெரியவர் முகம் சுளித்துக்கொண்டே டப்பாவை மூடினார்.

நவம்பர் 5
முண்டுகளில் செந்தளிர்! பட்டையை முட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக. கிளைநுனிகள் இருந்தவரை அடங்கிக் கிடந்த மொட்டுகள் இவை. தெருவே மகிழ்கிறது. எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். இலையில்லாத மரம் தண்டிலும் வேரிலும் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழித்தே இதைச் செய்கிறது. இந்த இலைகள் அதை ஈடுகட்டுவதற்குள் இன்னொரு வெட்டு விழுந்தால் தாங்குவது கடினம்.

டிசம்பர் 6
மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தது. தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து கிடக்கிறது, வேம்பு நிற்கிறது. "வெட்டியதால்தான் தப்பியது" என்கிறார்கள். இந்த மழைக்கு அது சரியாக இருக்கலாம். முண்டுகளில் துளிர்த்த இந்தப் போத்துகள் கனத்த பிறகு என்ன சொல்வார்கள்? பழைய கிளையின் பிடி மரத்துக்குள் ஆழமாகப் போகும். இவை மேல் அடுக்கில் மட்டும் பிடித்திருப்பவை. கீழே முண்டும் உளுத்துக்கொண்டிருக்கும்.

2024 ஏப்ரல் 14
புத்தாண்டுப் பச்சடிக்கு இந்த மரத்தில் ஒரு கொத்துப் பூ இல்லை. அடுத்த தெருவில் கேட்டு வாங்கினோம். உரிந்த இடத்தின் ஓரத்தில் புதுப்பட்டை விரல் தடிமனுக்கு உருண்டு வந்திருக்கிறது. ஒரு முண்டு மட்டும் துளிர்க்கவே இல்லை. தட்டினால் பட்டை பொத்தென்கிறது.

ஜூன் 16
போத்துகள் புதர்போல் அடர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் கழிக்கச் சொல்கிறார்கள். கூடவே கூடாது. முண்டுக்கு இரண்டு மூன்று நல்ல போத்துகளைத் தேர்ந்து, மற்றவற்றைச் சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இப்போதைக்குக் கம்பியை நோக்கிப் போகிறவை மட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து அவற்றைக் கழிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எவை என்று படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.